அத்தையின் கூடை எடை குறைந்த வாரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அங்கே நீ எப்படியிருக்கிறாய் என்று தொடங்குவதுதான் என் பழக்கம். இந்தத் தடவை அந்த 'எல்லோரும்' என்பதில் ஒருவரைக் கழித்துக்கொண்டு படி. உன்னோடு வேலை செய்யும் பெண் விடுப்பு முடிந்து நாளைக் காலை அங்கே புறப்படுகிறாள், கையில் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவதற்கு முன்பே உனக்குச் சேர்ந்துவிடும் என்றாள், அதனால்தான் இந்த அவசரம். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனைக் கூடத்து மேசையில் சத்தமாகக் கேட்கும்படி வைக்கிறார்கள், பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறார், என் முறை வரும்போது 'நல்லா இருக்கேன்மா' என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வருவதில்லை. எழுதுவதிலும் நான் பெரிய வீரன் இல்லை. சொல்ல வந்ததை முதலிலேயே வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் பாதியில் தைரியம் கழன்று, வெயிலையும் மழையையும் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆகவே வரிசை:

1. வீட்டாரின் உடல்நிலை.
2. நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை எடை போடுதல் எப்படி நடக்கிறது.
3. உன் அத்தை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது ஏன்.
4. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் மேல் குற்றமில்லை என்பது.
5. நீ செய்ய வேண்டியது.

முதலாவது சுலபம். மாப்பிள்ளை சௌக்கியம், கழுத்து வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது, தலையணையை மாற்றச் சொன்னேன், சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, இன்னொரு முறை சொல்ல எனக்குக் கூச்சம். பெரியவள் உயரமாகிவிட்டாள், பள்ளியில் அவளை எல்லோரும் 'நீதிபதி' என்றே கூப்பிடுகிறார்கள், ஒரு மிட்டாயை இரண்டாக வெட்டச் சொன்னால் அளவுகோல் எடுத்து வருகிறாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அது மக்குமா மக்காதா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். அத்தை அறைச் சன்னலில் நீ வைத்துவிட்டுப் போன செடி, அப்போது இரண்டு இலையோடு நோஞ்சானாக நின்றதே, அது இப்போது கம்பியைப் பிடித்து மேலே ஏறித் தளதளவென்று இருக்கிறது. யார் இதற்கு இவ்வளவு நன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நானே ஒரு நாள் எல்லோர் முன்னாலும் வியந்து கேட்டேன்.

இரண்டாவதை நீ அறியாதவள் இல்லை, வகுத்தவளே நீதான். ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அது எங்கே போய் நிற்கிறது என்பது விளங்கும். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ளி எண்ணும் வேலைக்கு நீ போகும்போது, இதை வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டும், பிள்ளைகள் அதைச் சின்ன வயதிலேயே பழக வேண்டும் என்று சமையலறைச் சுவரில் ஒரு அட்டை ஒட்டினாய். ஆளுக்கு ஒரு கூடை, மக்காத குப்பை மட்டும் அதில். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கூடைகளை நிறுக்க வேண்டும். யார் கூடை அதிகக் கனமோ அவர் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் குப்பை நாற்காலியில் உட்கார வேண்டும். மற்ற ஒவ்வொருவரும் அவர் அந்த வாரம் பூமிக்குச் செய்த ஒரு கெடுதலைச் சொல்ல வேண்டும். அவர் பதில் பேசாமல் கேட்டுவிட்டு, 'நன்றி, திருத்திக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது என்று கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தாய். அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்காலம் பூராவும் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போட்டவன் நான், எல்லோருக்கும் ஒரே படிக்கல் என்றால் எனக்குத் தனி மகிழ்ச்சி. தராசைக் கவனிக்கிற பொறுப்பை நீ எனக்குக் கொடுத்தபோது, பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல்கூடக் கொஞ்சம் குறைந்தது. வாராவாரம் எடை போடும் முன்பு என் பித்தளைக் கல்லைத் தொங்கவிட்டு முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, 'தராசு சரி' என்று சொல்வேன். பெரியவள் அதற்குப் பிறகுதான் கூடையைத் தொடுவாள்.

நீ இருந்தவரை அது விளையாட்டாக இருந்தது. நீயே ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாய். மாப்பிள்ளை கடையிலிருந்து டப்பா டப்பாவாகச் சாப்பாடு வரவழைத்து இரண்டு மூன்று முறை உட்கார்ந்தார். சின்னவன் உட்கார்ந்து அழுதான், மறு வாரம் திருந்தினான். நீ அங்கே வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் அத்தை வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். வந்தவளுக்குச் சிறுநீரை அடக்கும் சக்தி போய்விட்டிருந்தது. டயப்பர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது மக்காது, அம்மா. நனைந்தால் கல் மாதிரி கனக்கும். அந்த வாரம் முதல் குப்பை நாற்காலி அத்தைக்கே சொந்தமாகிவிட்டது. மேசையில் ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். 'அத்தைப்பாட்டி, நீங்க இந்த வாரம் விட்டுட்டுப் போற குப்பை நான் செத்த பிறகும் இருக்கும்' என்பாள் பெரியவள், கோபமே இல்லாமல், பாடப் புத்தகம் படிக்கிற குரலில். 'ஒரு மீன் அதைத் தின்னு செத்துப்போகும்' என்பான் சின்னவன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, 'நமக்கெல்லாம் மகாராணி இவங்கதான், சிம்மாசனத்தை யாரும் புடுங்க முடியாது' என்பார். என் முறை வரும்போது நான், 'போன வாரத்தைவிடக் கொஞ்சம் கம்மிதான்' என்று முணுமுணுப்பேன். பெரும்பாலும் அது பொய்யாக இருக்கும், உடனே பெரியவள் திருத்துவாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'நன்றி, திருத்திக்கறேன்' என்பாள்.

உன் அத்தைக்கு வாய் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்காதே. முதல் இரண்டு வாரம், 'நான் என்ன சந்தைச் சரக்கா, வாராவாரம் நிறுத்துப் பாக்க?' என்று சிரித்தாள். பிறகு ஒரு நாள் தராசோடு நான் அவள் அறைக்குப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்து, 'ஏன்டா தம்பி, ஊருல இருக்கற கடைக்காரனையெல்லாம் நடுங்க வெச்சவன், கடைசியில அக்கா மூத்திரத்தை நிறுக்கறியேடா' என்றாள். தராசை முதலில் சோதித்தேன். துணிக்கு மாறிக்கொள்கிறேன், நானே அலசிப் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். உன் அம்மா போன பிறகு உனக்குக் கட்டிய துணிகளையெல்லாம் கையால் கசக்கி வெயிலில் போட்டவள் அவள்தானே, அந்த வேலை அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் துணி அலசினால் ஒரு வாளி போதவில்லை. 'ஆளுக்கு ஒரு வாளிதான் அத்தைப்பாட்டி' என்று அட்டையைக் காட்டினாள் பெரியவள். டயப்பர் போட்டால் கூடை கனக்கிறது, துணி கட்டினால் வாளி பத்தவில்லை. நடுவில் அவள் எங்கே போவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் கவனித்த இன்னொன்றையும் சொல்கிறேன், இது அளவைக்காரனின் புத்தி. தோற்கிற ஆள் நிச்சயமான பிறகு மற்றவர்களின் கூடைகள் மெல்ல மெல்லக் கனக்க ஆரம்பித்தன. மாப்பிள்ளையின் டப்பாக்கள் திரும்பி வந்தன. சின்னவன் பொம்மை வாங்கிய உறைகளைத் தாராளமாகப் போட்டான். எவ்வளவு போட்டாலும் அத்தையைத் தாண்டப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டின் மொத்தக் குப்பை நீ இருந்த காலத்தைவிட இன்று அதிகம். நாற்காலியில் ஒரு கிழவி நிரந்தரமாக உட்கார்ந்திருந்ததால் மற்ற நால்வரும் நிம்மதியாக அழுக்குப் பண்ணினோம். நால்வரில் நானும் ஒருவன்.

பெரியவளுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஃபோனில் உன்னிடம் கேட்டாள், 'அத்தைப்பாட்டிக்கு மட்டும் விட்டுடலாமா அம்மா?' என்று. உனக்கு நினைவிருக்கும். 'ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவாங்க கண்ணு, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான், அத்தையே அப்படி விட்டா ஒத்துக்க மாட்டாங்க' என்றாய். பக்கத்திலேயே இருந்த அத்தை, 'ஆமா ஆமா, எனக்கு ஒண்ணும் சலுகை வேணாம்' என்று சத்தமாகச் சொன்னாள். அதைக் கேட்டு நீ சந்தோஷப்பட்டாய். அந்த நேரம் அவள் கை நாற்காலியின் விளிம்பை எப்படிப் பிடித்திருந்தது என்பது ஃபோனில் தெரிந்திருக்காது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்தினால் அது என் எழுத்தின் குறை.

மூன்றாவதற்கு வருகிறேன். ஒரு வாரம் திடீரென்று அத்தையின் கூடை பாதியாகக் குறைந்தது. தராசில் தவறு என்று நினைத்து என் கல்லை இரண்டாம் முறை மாட்டிப் பார்த்தேன். முள் மயிரிழை பிசகவில்லை. 'தராசு சரி' என்றேன். அன்று மாப்பிள்ளைதான் அதிகக் கனம். பிள்ளைகள் குதித்தார்கள், பழைய காகிதத்தில் ஒரு கிரீடம் செய்து அத்தை தலையில் வைத்தார்கள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அம்மா. மேசைக்கு அந்தப் பக்கம், எல்லோரும் உட்காருகிற சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே குப்பை நாற்காலியில் இருந்த உன் கணவரைப் பார்த்து, 'மாப்பிள்ளை, அந்த மீனுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?' என்று கேட்டாள். சின்னவன் சாப்பாடு மூக்கில் ஏறும்படி சிரித்தான். அன்று அவள் கிரீடத்தோடுதான் படுக்கப் போனாள். அடுத்த வாரமும் அவள் ஜெயித்தாள், அதற்கடுத்த வாரமும். உதடு வெடித்திருந்தது, நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது, வயதாகிறது என்று நினைத்தோம். நேற்று முன்தினம் காலையில் தேநீரோடு போனபோது என்னைப் பார்த்து 'யாருங்க?' என்று கேட்டாள். உன் அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள், அவளுக்கும் ஒரு கூடை கொடுக்கச் சொன்னாள். மாப்பிள்ளையும் நானும் தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோனோம். டாக்டர் சின்னப் பெண், என் பேத்தியின் வயதுக்குக் கொஞ்சம்தான் கூட இருக்கும் போலத் தெரிந்தது. 'இவங்களுக்குத் தண்ணியே குடுக்கலையா நீங்க? கிட்னி காஞ்சு போயிருக்கு. செடிக்கு ஊத்தறதைக்கூட இவங்களுக்கு ஊத்தலையா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நம் வீட்டு முறைப்படி 'நன்றி, திருத்திக்கொள்கிறேன்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டம்ளர் டம்ளராக நாங்கள் வைத்த தண்ணீரை அவள் குடிக்காமலே இருந்திருக்கிறாள். குடிக்காவிட்டால் நனையாது, நனையாவிட்டால் கனக்காது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கிட்னி முழுதாகத் திரும்புமா என்பதைச் சொல்ல மறுக்கிறார்கள். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. அந்தப் பாட்டிலைப் பார்த்து அவள் பயப்படுகிறாள். 'தம்பி, இத்தனையும் உள்ள போனா எங்கடா போகும்? யாரு கூடையில போடுவாங்க?' என்று கேட்கிறாள். நர்ஸ் டயப்பரை மாற்றும்போது அதை என்னிடம் காட்டச் சொல்கிறாள், நான் கையில் தூக்கிப் பார்த்து 'கம்மிதான்க்கா' என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடுகிறாள். இங்கே வீட்டில், அவள் இல்லாத முதல் நாளே சின்னவன், 'அப்ப இந்த வாரம் நாற்காலி யாருக்கு?' என்று கேட்டான். மாப்பிள்ளை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்ததை நான் பார்த்தேன்.

நான்காவது. இதைப் படித்ததும் உனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வரும், அது கூடாது. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. சமமாக நடத்து என்றாய், நடத்தினார்கள். தவறைச் சுட்டிக்காட்டு என்றாய், காட்டினார்கள். அந்த எடை எப்படிக் குறைந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. குறைந்ததும் கைதட்டினார்கள், அவ்வளவே. நம் வீட்டில் நியாயம் என்றால் தராசு, தராசில் என்ன வைக்கிறோம் என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்காததற்குத் தண்டிக்காதே.

ஐந்தாவது. வருகிற வாரம் அத்தையை அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்தே அவளை ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். 'அங்க கூடையெல்லாம் கிடையாது மாமா, அவங்களுக்கும் நிம்மதி' என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார் என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்தார். உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார். அந்த இல்லத்தை நான் வெளியிலிருந்து பார்த்தேன், சுவர் சுத்தமாக இருக்கிறது, சன்னலில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. அத்தை இதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வாள், கூடை கனத்ததால் மொத்தமாக வெளியே தூக்கிப் போட்டார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அத்தை வீட்டுக்குத்தான் வருகிறாள் என்பது ஒன்று. அட்டையைக் கழற்றுங்கள், தண்ணீரும் டயப்பரும் யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பது இன்னொன்று. நான் சொன்னால் நடக்காது. நேற்று அட்டையின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன், 'அது அம்மா ஒட்டினது தாத்தா' என்றாள் பெரியவள், மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டேன். உன் வீடு, உன் அட்டை, உன் வாயால்தான் வர வேண்டும்.

உப்புக் காற்றில் வேலை, தலையை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நிறையத் தண்ணீர் குடி, அளந்து குடிக்காதே. நீ தொட்ட காரியம் துலங்க வேண்டும், உடம்பு குறையில்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று எப்போதும்போல வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
அப்பா

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு இன்னும் கொஞ்சம். கடிதத்தின் அடியில் தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவது பெரியவளின் வழக்கமாயிற்றே, பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மறைக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. முதல் பக்கத்து வரிசையை விரல் வைத்துப் படித்தாள். 'நாலாவது தப்பு தாத்தா' என்றாள். எது தப்பு என்றேன். 'எங்களுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. எனக்குத் தெரியும். எடையைக் குறைக்க வழி இருக்கான்னு அத்தைப்பாட்டி என்கிட்டதான் கேட்டாங்க. புது டயப்பர் ஒண்ணை நிறுத்தேன், தண்ணி ஊத்தித் திரும்ப நிறுத்தேன். தண்ணிதான் எடைன்னு காட்டினேன். அப்ப குடிக்கலைன்னா நானும் ஜெயிப்பேனான்னு கேட்டாங்க. ஆமான்னேன். வெச்ச தண்ணி வீணாகக் கூடாதுன்னு செடிக்கு ஊத்தச் சொன்னதும் நான்தான்.' ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள், உன்னுடைய பார்வை அது. 'உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன் தாத்தா. நீங்கதானே தராசை ரெண்டு தடவை பாத்தீங்க. நீங்கதானே செடியைப் பாத்து, யாரு இவ்வளவு நல்லாத் தண்ணி ஊத்தறாங்கன்னு கேட்டீங்க' என்றாள். அதிலும் கோபமே இல்லை.

ஆகவே, அம்மா, என் நான்காவது தவறு. முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று கையை வைத்தேன். 'கிழிக்காதீங்க தாத்தா, காகிதம் வீணாகும், பக்கத்துலயே சரியானதை எழுதிடுங்க' என்றாள். அவள் சொன்னபடியே, நான்காவதின் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்துக்கொள்: தெரியும்.